ஆறாம் நூலின் எட்டாவது அத்தியாயம்

அன்புள்ள தம்பிக்கு,

நீயும் மருமகளும் பேரப்பிள்ளைகளும் சுகமாக இருக்க நல்லூர்க் கந்தனை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் சுகம். அப்பாவின் முழங்கால் நோவும் குறைந்துவிட்டது.

டோல்கீன் எழுதிய ‘லோர்ட் ஒஃப் த ரிங்ஸ்’ நாவலைப் பற்றி நான் கேட்டபோது, படங்கள் மூன்றையும் பார்த்துவிட்டதால் கதை தெரியும் என்று தொலைபேசியில் சொன்னாய். அந்தப் பேச்சு மனதுக்குள் கிடந்து உறுத்துகிறது. அதனால்தான் எழுதுகிறேன். நீ அனுப்பிய மூன்று பாகங்களையும் முடித்து, இப்போது இரண்டாம் முறை படிக்கிறேன். மத்தியானச் சமையல் முடிந்தால் விறாந்தைக் கதிரையை விட்டு எழும்ப மனம் வருவதில்லை.

2003இல் வந்த கடைசிப் படத்தில், போர் முடிந்து கதாநாயகன் ஃப்ரோடோவும் அவனுடைய தோட்டக்காரன் சாமும் ஊர் திரும்பும்போது ஊர் அப்படியே இருக்கிறது. புத்தகத்தில் அப்படியில்லை. எதிரி அழிந்த பிறகுதான் அவர்களுடைய ஊர் சூறையாடப்பட்டிருப்பது தெரியவருகிறது. வழியெல்லாம் தடை, ஆற்றில் ஆலைக் கழிவு, தெருவோர மரங்கள் தறிக்கப்பட்டுவிட்டன. முதல் பாகத்தில் பிறந்தநாள் விருந்து நடந்த இடத்து மரம், கொப்புகள் வெட்டுண்டு வயலில் செத்துக் கிடக்கிறது. அதைக் கண்டு தோட்டக்காரன் சாம் அழுகிறான். அந்தப் பக்கத்தில் என்னாலும் தொடர்ந்து படிக்க முடியவில்லை, தம்பி.

1990இல் போரால் விட்டுவந்த எங்கள் வலிகாமம் வடக்குக் காணிக்கு இராணுவம் மறுபடி போக விட்ட அன்று நீ இங்கே இல்லை. வீடும் இல்லை, வேலியும் இல்லை. பற்றைக்குள் கிணற்றுக் கட்டைக் கண்டுதான் அது எங்கள் வளவு என்று அறிந்தோம். எல்லையில் பனைகள் நின்ற இடத்தில் அடிக்கட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. அப்பா ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு நடந்தார். ஒரு வார்த்தை பேசவில்லை.

டோல்கீன் முதலாம் உலகப் போரில், 1916இல் பிரான்சின் சொம் போர்க்களத்தில் நின்றவர். 1918க்குள் தன் நெருங்கிய நண்பர்களில் ஒருவரைத் தவிர எல்லோரும் இறந்துவிட்டார்கள் என்று நாவலின் முன்னுரையில் எழுதியிருக்கிறார். ஊர் சூறையாடப்பட்ட அந்த அத்தியாயத்துக்கு வேர், தான் பத்து வயதை எட்டுமுன்பே அழியத் தொடங்கிய தன் சிறுவயது நாட்டுப்புறம் என்கிறார். கற்பனைக் கதை சிறுபிள்ளைகளுக்கானது என்பவர்களுக்கு இந்த முன்னுரையைத்தான் காட்டவேண்டும்.

பயணத்தில் ஃப்ரோடோ பட்ட கத்திக் காயம் ஆறவே இல்லை. குத்துப்பட்ட அதே ஒக்டோபர் நாளில் ஆண்டுதோறும் நோயில் விழுகிறான். ஊரைக் காப்பாற்றியவனுக்கு அந்த ஊரில் வாழ முடியாமல் போகிறது. ஒக்டோபர் கடைசியில் இங்கே எத்தனை பேர் 1995இல் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேறிய இடப்பெயர்வை நினைத்துப் பேச்சற்றுப் போகிறார்கள் என்பதை நீ அறிவாய்.

சாமிடம் எல்ஃப் இனத் தலைவி கலாட்ரியல் கொடுத்த, மரம் செழிக்கச் செய்யும் ஒரு சின்னப் பெட்டி மண் இருக்கிறது. இவ்வளவு பேர் துன்பப்பட்டிருக்கும்போது தன் தோட்டத்துக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ள அவனுக்கு மனமில்லை. நல்ல மரங்கள் அழிந்த இடமெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் வேரடியிலும் ஒரு துகள் இடுகிறான். வாளெடுத்து வென்ற எவரையும்விட எனக்கு இவனே பெரியவன். தென்னை வைத்தவன் தின்று சாவான், பனை வைத்தவன் பார்த்துச் சாவான் என்பார்கள். அது தெரிந்தும் அப்பா எல்லை நெடுகப் பனங்கொட்டை ஊன்றினார். வடலிகள் இப்போது இடுப்பளவு வந்துவிட்டன.

ஆகவே மூன்றாம் பாகத்தை எடு. அதிலுள்ள ஆறாம் நூலின், நான் சொன்ன அந்த எட்டாவது அத்தியாயத்தை ஓர் இரவு, பிள்ளைகள் தூங்கிய பிறகு, நிதானமாகப் படி. பின்னிணைப்பையும் தள்ளிவிடாதே. சாம் ஏழு முறை ஊர்த் தலைவனானதும், அவர்களுடைய கதை எழுதப்பட்ட சிவப்புப் புத்தகம் அவனுடைய மூத்த மகள் எலனோரின் கைக்கு வந்ததும் அங்கேதான் இருக்கின்றன. படித்துவிட்டு, ஃப்ரோடோ ஊரை விட்டுக் கப்பலேறிப் போனது சரியா என்று எனக்கு எழுது. அப்பா சரி என்கிறார். நான் இன்னும் ஒப்பவில்லை.

அன்புடன்,
அம்மா