நினைவு நாள் இதழில் மினார்ஸ்கிக்கு ஒரு பக்கம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போரில் இறந்தவர்களுக்காகக் கனடாவில் கடைப்பிடிக்கும் நவம்பர் 11 நினைவு நாளை ஒட்டி நீங்கள் வெளியிட்ட கட்டுரையை வாசித்தேன். பொப்பிப் பூ ஏன் குத்துகிறோம், பதினொரு மணிக்கு ஏன் எழுந்து நிற்கிறோம் என்றெல்லாம் விளக்கம் இருந்தது. ஆனால் இறந்தவர்களில் ஒருவருடைய பெயர்கூட இல்லை. நம் பிள்ளைகள் பூவைக் குத்திக்கொண்டு பள்ளிக்கூடத்தால் வருகிறார்கள். யாருக்காக என்று கேட்டால் "ஆமிக்காரருக்கு" என்பதோடு சரி. ஒரே ஒருவரைப் பற்றியாவது அவர்களுக்கு முழுதாகச் சொல்ல வேண்டும். நான் சொல்வதென்றால், இரண்டாம் உலகப் போரில் இறந்த கனடிய விமானப்படை வீரர் அன்ட்ரூ மினார்ஸ்கியைப் பற்றித்தான் சொல்வேன்.

போலந்திலிருந்து குடியேறிய குடும்பம். 1916இல் வினிபெக்கில் பிறந்தார். பதினாறு வயதில் தகப்பன் இறந்துவிட, தோல் வெட்டும் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார். 1941இல் கனடிய விமானப்படையில் சேர்ந்து, பிறகு இங்கிலாந்தின் வடக்கே மிடில்ரன் சென்ட் ஜோர்ஜ் தளத்தில் இருந்த 419ஆவது அணிக்குப் போனார். அவர் கடைசியாகப் பறந்த லங்காஸ்ரர் என்ற குண்டுவீச்சு விமானம் செய்யப்பட்டது நம் மோல்ரனில். ரொறன்ரோவின் இன்றைய பியர்சன் விமான நிலையம் அன்று மோல்ரன் விமான நிலையம். நம்மில் அநேகம் பேர் கனடாவில் முதன்முதல் கால் வைத்த இடத்துக்குப் பக்கத்தில்தான் போர்க்காலத்தில் 430 லங்காஸ்ரர்களைக் கட்டினார்கள்.

1944 ஜூன் 12 இரவு, நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நோர்மண்டிக் கரையில் இறங்கி ஆறே நாளில், அதே நாட்டின் கம்ப்ரே நகரத்து ரயில் தளத்தைத் தாக்கப் புறப்பட்டார்கள். விமானத்தில் ஏழு பேர். மினார்ஸ்கி விமானத்தின் முதுகுப்புறத் துப்பாக்கிக் கூண்டில். அவருடைய நெருங்கிய நண்பர் பற் புரோபி வால் கூண்டில். புறப்படும் முன் புல்லில் கண்டெடுத்த நாலிலைக் குளோவர்ச் செடி ஒன்றை, அதிர்ஷ்டம் தரும் என்று மினார்ஸ்கி புரோபியிடம் கொடுத்திருந்தார்.

நள்ளிரவுக்குப் பிறகு ஜெர்மன் விமானம் ஒன்று கீழிருந்து சுட்டது. இடப்பக்க இயந்திரங்கள் இரண்டும் போயின, விமானத்தின் உட்பகுதியிலும் தீப்பிடித்தது. எல்லோரையும் குதிக்கச் சொல்லி விமானி உத்தரவு கொடுத்துவிட்டார். புரோபியால் குதிக்க முடியவில்லை. வால் கூண்டு இயந்திர விசையில் சுழல்வது. கூண்டைச் சரியான பக்கம் திருப்பினால்தான் வெளியே விழலாம். இயந்திரம் நின்றதும் கூண்டு பாதியில் இறுகிவிட்டது. கையால் சுழற்றும் பிடி இருந்தது, அதுவும் முறிந்து கையோடு வந்துவிட்டது.

மினார்ஸ்கி வாசலில் குதிக்கத் தயாராக நின்றவர். திரும்பிப் பார்த்தபோது கூண்டுக்குள் நண்பர் அகப்பட்டிருப்பது தெரிந்தது. தீக்குள்ளால் தவழ்ந்து போனார். கோடரியால் கொத்திப் பார்த்தார், பிறகு வெறுங்கையால் இழுத்துப் பார்த்தார். இடுப்புக்குக் கீழே உடுப்பு எரிந்துகொண்டிருந்தது. புரோபிதான் "போ, போ" என்று கைகாட்டித் துரத்தியிருக்கிறார். மினார்ஸ்கி முதுகைக் காட்டாமல் தீக்குள்ளால் பின்புறமாகவே தவழ்ந்து வாசலுக்கு வந்தார்; எரிந்துகொண்டிருந்த உடுப்போடு நிமிர்ந்து நின்று புரோபிக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டுக் குதித்தார். பரசூட்டும் எரிந்தது. நிலத்தில் கண்ட பிரெஞ்சுக்காரர் தூக்கிச் சென்றார்கள், தீக்காயத்தால் இறந்துபோனார். வயது 27.

சாக வேண்டியவர் என்று எல்லோரும் நினைத்த புரோபி பிழைத்துவிட்டார். விமானம் விழுந்து மரத்தில் மோதியபோது கூண்டு உடைந்து வெளியே வீசப்பட்டார், பெரிய காயமேதும் இல்லாமல். மற்ற ஐவரும்கூடப் பிழைத்தார்கள். அந்தக் கடைசி நிமிடங்களைக் கண்ட ஒரே சாட்சி புரோபி. அவர் வாயைத் திறந்திருக்காவிட்டால் 1946இல் மினார்ஸ்கிக்கு வீரத்துக்கான அதியுயர் பதக்கமான விக்ரோரியா சிலுவை கிடைத்திருக்காது. காப்பாற்ற முடியாமல் போனவனுக்காக, தப்பிப் பிழைத்தவன் சொன்ன சாட்சி. என்னை மிகவும் தொட்டது இந்த இடம்தான்.

இனி ஒரு சங்கடமான விஷயம். யாழ்ப்பாணத்தில் பொம்மர் சத்தம் கேட்டதும் பங்கருக்குள் ஓடி ஒளிந்தவர்கள் நாம். குண்டுவீச்சு விமானத்தில் பறந்தவரை நினைவுகூரச் சொல்கிறானே என்று சில வாசகர்கள் முகம் சுளிக்கலாம். அந்தக் கோபத்தை நான் தவறென்று சொல்ல மாட்டேன். பிரான்சின் ரயில் தளங்களில் போட்ட குண்டுகளில் பிரெஞ்சுப் பொதுமக்களும் செத்தார்கள். ஜெர்மன் நகரங்களான ஹம்பேர்க்கிலும் டிரெஸ்டனிலும் குண்டுவீச்சில் பொதுமக்கள் செத்ததை யாரும் மறைக்கத் தேவையில்லை. பிரிட்டனின் குண்டுவீச்சுப் படையில் 55,573 பேர் இறந்தும், லண்டனில் அவர்களுக்கு நினைவுச் சின்னம் எழும்ப 2012 வரை சென்றது. இந்தச் சங்கடமும் அதற்கு ஒரு காரணம். ஆனாலும் குண்டு போடும் முடிவை எடுத்தவர்கள் மேசையில் இருந்தவர்கள். மினார்ஸ்கி 27 வயதுத் தொழிலாளிப் பொடியன். எரியும் விமானத்தில் அவன் தன் நண்பனுக்குச் செய்ததைப் பங்கருக்குள் இருந்த நாம்தான் எல்லோரையும்விட நன்றாக விளங்கிக்கொள்வோம். பிரான்சில் விழுந்த அந்தப் பொடியங்கள் சிலரைத் தங்கள் உயிரைப் பணயம் வைத்து மறைத்து வைத்துக் காப்பாற்றியவர்களும் பிரெஞ்சுக்காரர்தானே.

மினார்ஸ்கி பிரான்சில் மெஹாரிகூர் என்ற சிற்றூர் இடுகாட்டில் இருக்கிறார். இங்கிலாந்தில் அவர் இருந்த அந்தப் பழைய தளம் பின்பு விமான நிலையமானது. அங்கே அவருக்குச் சிலை வைத்தது 2005இல்தான், அதுவும் ஓர் உள்ளூர்ப் பத்திரிகை பிரசாரம் செய்து வாசகரிடம் பணம் சேர்த்ததால். அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒரு பத்திரிகை நினைத்தால் இது நடக்கும்.

நம் பக்கத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஹமில்ரன் விமான நிலையத்தில் இருக்கும் விமான அருங்காட்சியகத்தில், அவருடைய விமானத்தின் அடையாள எழுத்துகளைத் தீட்டிய லங்காஸ்ரர் நிற்கிறது. உலகத்தில் இன்னும் பறக்கக்கூடிய நிலையில் உள்ள லங்காஸ்ரர்கள் இரண்டே இரண்டு, அதில் ஒன்று அது. சிறுவர் பக்கத்துக்கு அதைப் பற்றி ஒரு படமும் நாலு வரியும் போடலாம். தமிழ்ப் பாடசாலைப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போகலாம் என்று ஆசிரியர்களுக்கு நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

அடுத்த நவம்பர் இதழில் மினார்ஸ்கிக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். புரோபியின் பெயரையும் சேர்த்துப் போடுங்கள். எழுத ஆள் இல்லையென்றால் நான் எழுதித் தருகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
பிரம்ப்டன்