மேரி டியூடரை ஒரே பட்டப்பெயரில் அடைக்கலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஐரோப்பிய அரசிகள் பற்றிய தொடரில் இங்கிலாந்தின் முதலாம் மேரியை 'இரத்த மேரி' என்று சொல்லிக் கடந்துவிட்டீர்கள். கத்தோலிக்கரான அவர் ஆட்சியில் சமயக் குற்றத்துக்காக எரிக்கப்பட்ட புராட்டஸ்டண்டுகள் ஏறத்தாழ 280 பேர். அதற்கு நியாயம் கற்பிக்க முடியாது. ஆனாலும் 42 வயதில் இறந்த ஒருவரின் வாழ்க்கையில் அது கடைசி நான்கு ஆண்டுக் கதை.

1533-இல், 17 வயதில், இளவரசிப் பட்டம் பறிபோனது. ஆன் பொலினை மணந்துகொண்ட தந்தை எட்டாம் ஹென்றி, மேரியின் தாய் கேத்தரினுடனான திருமணமே செல்லாது என்றார். மேரியை, ஆன் பெற்ற கைக்குழந்தை எலிசபெத்தின் பரிவாரத்தோடு ஹாட்ஃபீல்டில் வைத்தார்கள். 1536 ஜனவரியில் தாய் கிம்போல்டனில் இறந்தபோதுகூடப் பார்க்க அனுமதியில்லை. அதே ஆண்டு ஜூனில், பெற்றோரின் திருமணம் முறைகேடானது என்று அவரிடமே எழுதி வாங்கினார்கள். பெற்ற மகளுக்கு இதைவிடப் பெரிய கொடுமை உண்டா?

1553 ஜூலை 6-இல் தம்பியும் அரசருமான எட்வர்டு இறந்ததும் உறவுப்பெண் ஜேன் கிரேக்கு அரியணை என்று அறிவித்தார்கள். லண்டன் கோட்டையும் படையும் ஜேனின் மாமனார் நார்தம்பர்லண்டு பிரபுவின் கையில். மேரி நார்ஃபோக்கின் கென்னிங்ஹாலில் ஆள் திரட்டி, ஃபிராம்லிங்ஹாம் கோட்டைக்கு நகர்ந்தார். கடல்வழியை அடைக்க வந்த கப்பல்களின் மாலுமிகளே அவர் பக்கம் சேர்ந்தார்கள். ஜூலை 19-இல் லண்டனிலிருந்த அரச ஆலோசனைக் குழுவே அவரை அரசியாக அறிவித்தது.

அடுத்த ஆண்டு நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது: அரசனுக்குள்ள அதிகாரம் முழுவதும் ஆளும் அரசிக்கும் உண்டு. அடுத்து எலிசபெத் ஆண்டபோது, அரசனின் அதிகாரம் அரசிக்கு உண்டா என்ற கேள்வியே எழாததற்கு இது முக்கியக் காரணம். ஸ்பெயினின் பிலிப்பை மணந்தபோதும், வெளிநாட்டவருக்குப் பதவி கிடையாது, ஸ்பெயினின் போரில் இங்கிலாந்தை இழுக்கக் கூடாது என்று ஒப்பந்தம் போட்டார்கள். இரண்டாவது நிபந்தனை 1557-இல் காற்றில் பறந்தது. 1558 ஜனவரியில், பிரான்ஸ் கரையில் இங்கிலாந்து வசமிருந்த கலே துறைமுகம் கைநழுவியது.

1555 ஏப்ரலில் மேரி ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் பேறுகாலத்துக்கு ஒதுங்கினார். தொட்டில் தயார். பிறப்பை அறிவிக்கும் கடிதங்களில் தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. பொய்ச்செய்தியை நம்பி லண்டனில் மணியும் அடித்தார்கள். ஆகஸ்டு வந்தது, குழந்தை வரவில்லை.

எரிப்புகளுக்கு வழிசெய்தது நாடாளுமன்றம் உயிர்ப்பித்த 1401-ஆம் ஆண்டுச் சட்டம். ஆயர் நீதிமன்றம் தீர்ப்பளிக்கும், ஷெரிஃப் தண்டனையை நிறைவேற்றுவார். தம் கொள்கை தவறென்று மறுத்தெழுதியவரை விட்டுவிடுவதே வழக்கம். புராட்டஸ்டண்டுப் பேராயர் கிரான்மர் பலமுறை மறுத்தெழுதியும் 1556 மார்ச்சில் அவரை எரித்தது மேரியின் மாபெரும் தவறு. மறுத்தெழுதிய கையை அவர் முதலில் தீயில் நீட்டினார், ஊரே பார்த்தது.

1558-இல் மேரியின் அரசு சுங்கவரி கணக்கிட உதவும் சரக்கு மதிப்பு அட்டவணையைத் திருத்தி உயர்த்தியது. அதன்படி வந்த வருமானத்தை அனுபவித்தவர் எலிசபெத். தொடரில் அடுத்து அவர்தான் வருகிறார் என்றால், அரசியின் அதிகாரத்தை உறுதிசெய்த அந்தச் சட்டத்தையும் இந்த வருமானத்தையும் மேரியின் பெயரிலேயே எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்