கயிற்றில் தொங்கியவர்களின் பெயர்: ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

அகாடமியின் ஆளுநர் குழுவில் இருக்கும் பெரியோர்களுக்கு,

வணக்கம். 2028இல் நடக்கவிருக்கும் உங்கள் 100ஆவது விழாவில், ஸ்டன்ட் வடிவமைப்புக்கென்று முதன்முறையாக ஓர் ஆஸ்கர் தரப்போவதாக 2025 ஏப்ரலில் அறிவித்தீர்கள். 2027இல் வெளியாகும் படங்களுக்கான விருது அது. அதன் விதிகளையும் 2027இல்தான் வெளியிடுவோம் என்று சொல்லியிருந்தீர்கள். அந்த விதிகளை மனத்தில் வைத்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். பேசப்போவது ஒரு பழைய படத்தைப் பற்றி. 1989 நவம்பர் 22இல் வெளியான 'பேக் டு தி ஃபியூச்சர் பார்ட் 2'. மார்ட்டி என்ற பையன் காலப்பயணம் செய்து 2015க்குப் போகும் கதை.

அந்தப் படத்தை நான் முதலில் பார்த்தது என் சித்தப்பாவோடு, வடபழனியில் அவர் குடியிருந்த ஒண்டுக் குடித்தன வீட்டில், வாடகைக்கு எடுத்த சிடியில். அவர் சினிமாவில் டூப் போடுபவர். மாடியிலிருந்து விழுவது, கண்ணாடியில் பாய்வது, ரோப்பில் தொங்குவது எல்லாம் அவருக்கு வேலை. நாங்கள் பொடிப் பசங்கள் நாலைந்து பேர் தரையில் உட்கார்ந்து, காற்றில் மிதக்கும் அந்தப் பலகையை வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா மட்டும் பலகையைப் பார்க்கவில்லை. படத்தை நிறுத்தச் சொல்லி, திரைக்குப் பக்கத்தில் போய் விரலை வைத்தார். "தோ பாரு, இடுப்புகிட்ட பேன்ட் எப்படிப் புடைச்சிருக்கு. உள்ள பெல்ட் இருக்கு. ஆளு நிக்கல, தொங்குறான். முட்டி பாரு, வெயிட்டே இல்ல."

அதற்கு முன் அந்தக் காட்சியில் ஆள் இருப்பதே எங்கள் கண்ணில் படவில்லை. அன்று ராத்திரி அவர் சட்டையைக் கழற்றியபோது இடுப்பைச் சுற்றிப் பட்டை பட்டையாகக் கறுத்திருந்த தழும்பையும் முதல் தடவையாகக் கவனித்தேன். பெல்ட் அறுத்த தழும்பு. சித்தி தைலம் தேய்த்துவிட்டார். அந்த வாசனை இன்றும் எனக்கு அந்தப் படத்தோடு சேர்ந்தே வருகிறது.

இந்தப் படத்தைப் பற்றித் துணுக்குத் தகவல்களுக்குப் பஞ்சமே இல்லை. முதல் பாகத்தில் மார்ட்டியின் காதலி ஜெனிஃபராக நடித்த க்ளாடியா வெல்ஸ், தன் தாயாருக்குப் புற்றுநோய் என்பதால் இரண்டாம் பாகத்துக்கு வரவில்லை. எலிசபெத் ஷூ வந்தார். அதனால் முதல் பாகத்தின் கடைசிக் காட்சியை அச்சு அசலாக மறுபடி எடுத்தார்கள். எண்பதுகள் உணவகக் காட்சியில் வரும் சின்னப் பையன்களில் ஒருவர் எலைஜா வுட். 2015இல் சிகாகோ கப்ஸ் பேஸ்பால் கோப்பையை வெல்லும் என்று படம் சொன்னது. நிஜத்தில் படத்தில் வரும் அதே 2015 அக்டோபர் 21 அன்றுதான் அந்த அணி தோற்று வெளியேறியது, அடுத்த வருடம் கோப்பையை வென்றது. சரி, இதெல்லாம் ரசிகர்கள் எல்லோருக்கும் மனப்பாடம்.

எனக்கு முக்கியமான தகவல் வேறு. அந்தப் படத்துக்கு உங்களிடமிருந்து ஒரே ஒரு பரிந்துரை கிடைத்தது. சிறந்த காட்சி விளைவுகள். கென் ரால்ஸ்டன், மைக்கேல் லான்டியேரி, ஜான் பெல், ஸ்டீவ் காவ்லி என்று நான்கு பெயர்கள். விருது அந்த வருடம் 'தி அபிஸ்' படத்துக்குப் போனது. அந்த நால்வரும் பரிந்துரைக்கு முழுக்கத் தகுதியானவர்கள், அதில் எனக்கு இரண்டாவது கருத்தே இல்லை.

அவர்களுடைய வேலை எப்படிப்பட்டது என்பதற்கு ஒரு காட்சி போதும். மைக்கேல் ஜே. ஃபாக்ஸ் ஒரே சாப்பாட்டு மேசையில் நடுவயது மார்ட்டியாக, அவன் மகனாக, மகளாக மூன்று பேராக உட்கார்ந்திருப்பார். அதற்கு முன்பெல்லாம் இரட்டை வேடம் என்றால் கேமராவை அசையாமல் நிறுத்திவிட்டு, நடுவில் கோடு போட்ட மாதிரிப் பாதிப் பாதியாக எடுக்கவேண்டும். இந்தப் படத்துக்காக ஐஎல்எம் என்ற காட்சி விளைவு நிறுவனம் விஸ்டாக்ளைட் என்ற கேமரா ஏற்பாட்டை உருவாக்கியது. கேமரா நகரும் பாதையைக் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். ஃபாக்ஸ் வேடம் மாற்றி வந்து உட்காரும் ஒவ்வொரு தடவையும் அதே வேகத்தில், அதே வளைவில், இம்மி பிசகாமல் மறுபடி நகரும். பிறகு எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிடுவார்கள். மூன்று பேரும் ஒரே அறையில் இருப்பதாகவே கண் நம்பும்.

பறக்கும் பலகைக் காட்சி அப்படி எடுத்ததல்ல. ஆளின் காலில் பலகையை ஒட்டி, இடுப்பில் பெல்ட் கட்டி, மேலே கிரேனிலிருந்து மெல்லிய கம்பிகளில் தொங்கவிட்டு எடுத்தார்கள். கம்பிகளைப் பிறகு ஃபிலிமில் அழித்தார்கள். அழித்த வேலை எவ்வளவு சுத்தம் என்றால், படத்தையொட்டி வந்த ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் இயக்குநர் ராபர்ட் ஸெமெக்கிஸ் விளையாட்டாக ஒன்று சொன்னார்: இந்தப் பலகைகள் நிஜமாகவே இருக்கின்றன, பெற்றோர் அமைப்புகள்தான் ஆபத்து என்று விற்கவிடாமல் தடுக்கின்றன என்று. பார்த்தவர்களில் நிறையப் பேர் நம்பிவிட்டார்கள். மேட்டல் என்ற பொம்மை நிறுவனத்தின் பெயர் பொறித்த அந்த இளஞ்சிவப்புப் பலகை கடைக்கு எப்போது வரும் என்று ஒரு தலைமுறைக் குழந்தைகள் காத்திருந்தார்கள்.

அந்த விளையாட்டுப் பேச்சைக் குறையாகச் சொல்லவில்லை. அதன் விளைவைத்தான் யோசிக்கச் சொல்கிறேன். கம்பி கண்ணுக்குத் தெரியாமல் போனபோது, கம்பியில் தொங்கிய ஆளும் சேர்ந்து காணாமல் போனார். பலகை நிஜம் என்றால் அதில் நிற்பவருக்கு என்ன ஆபத்து, என்ன திறமை? ஒன்றும் வேண்டாமே.

ஆபத்து இருந்தது. கதையில் 2015ஆம் வருடம், மார்ட்டியின் ஊரான ஹில் வேலி. நீதிமன்றக் கட்டடத்தின் முகப்பு முழுக்கக் கண்ணாடியாகியிருக்கும், எதிரே ஒரு குளம். மார்ட்டி குளத்தின் நடுவில் மாட்டிக்கொள்ள, ரவுடி கிரிஃபும் அவன் கூட்டாளிகள் மூன்று பேரும் பறந்து வருவார்கள். மார்ட்டி தண்ணீருக்குள் விழுந்து தப்பிப்பான், வந்த வேகத்தில் அவர்கள் நால்வரும் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போவார்கள். திரையில் கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும்.

அதை எடுத்த விதம் இது. நான்கு ஸ்டன்ட் கலைஞர்களைக் கம்பியில் கட்டி ஊஞ்சல் மாதிரி வீசுவார்கள். கண்ணாடியை உடைத்து உள்ளே போனதும் கம்பி விடுபடவேண்டும், அவர்கள் கீழே போட்டிருக்கும் மெத்தையில் விழவேண்டும். கூட்டாளிகளில் ஒருத்தியான ஸ்பைக்காக நடித்தவர் டார்லீன் வோகல். அவருக்கு டூப்பாகத் தொங்கியவர் செரில் வீலர். வீசிய வேகத்தில் அவர் முகப்பிலிருந்த தூணில் மோதினார், பாதை மாறிப்போனது. அவருக்குக் கீழே மெத்தை இல்லாத இடத்தில் கம்பி விடுபட்டது. சுமார் 30 அடி உயரத்திலிருந்து கான்கிரீட் தரையில் விழுந்து படுகாயமடைந்தார்.

வளர்ந்த பிறகு இதைப் படித்துவிட்டுச் சித்தப்பாவிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் இரண்டு கையையும் நீட்டி, ஒரு கையைக் கம்பியை விடுகிற ஆளாகவும், இன்னொரு கையைத் தொங்குகிற ஆளாகவும் வைத்துக் காட்டினார். "இவன் அவனைப் பார்க்கணும், அவன் இவனை நம்பணும். நடுவுல ஒரு மூச்சு நேரம்தான். தூண்ல இடிச்சதும் அந்தப் பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும்டா. கத்தினாலும் யாருக்குக் கேட்டிருக்கும்?" என்றார்.

விஸ்டாக்ளைட் கேமரா தப்பாக நகர்ந்தால் அதே பாதையில் மறுபடி ஓட்டிக்கொள்ளலாம். தூணில் மோதிய பெண்ணை எந்தப் பாதையில் திருப்பி ஓட்டுவது? ஒரே படத்தில் இரண்டு வேலையும் நடந்திருக்கிறது. ஒன்றுக்கு உங்களிடம் அப்போதே ஒரு பிரிவு இருந்தது, மற்றதற்கு இல்லை. கம்பியையும் கிரேனையும் அமைத்தவர்களின் வேலை பரிந்துரைக்குள் வந்தது, அந்தக் கம்பியில் தொங்கியவர்களின் வேலையைச் சேர்க்க ஒரு கட்டம்கூடப் படிவத்தில் கிடையாது.

இதே படத்தில் இன்னொரு சம்பவம், உங்களுக்கே நன்றாகத் தெரிந்ததுதான். முதல் பாகத்தில் மார்ட்டியின் அப்பா ஜார்ஜாக நடித்த கிறிஸ்பின் க்ளோவர் இரண்டாம் பாகத்தில் நடிக்க ஒத்துக்கொள்ளவில்லை. ஜெஃப்ரி வைஸ்மன் என்ற நடிகரை அழைத்து, முதல் படத்தின்போது க்ளோவரின் முகத்திலிருந்து எடுத்த அச்சைக் கொண்டு ஒப்பனை போட்டு, ஜார்ஜாக நிறுத்தினார்கள். 2015 காட்சியில் ஜார்ஜைத் தலைகீழாகத் தொங்கவிட்டிருப்பார்கள். முதல் படத்தில் க்ளோவர் நடித்த துண்டுகளையும் சேர்த்துக்கொண்டார்கள். என் முகத்தை என்னைக் கேட்காமல் எப்படிப் பயன்படுத்தலாம் என்று க்ளோவர் வழக்குப் போட்டார், அது சமரசத்தில் முடிந்தது. அமெரிக்க நடிகர் சங்க விதிகள் அதன் பிறகு இறுகின. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு நடிகர்களின் முகத்தை உருவாக்குவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் இன்றும் அந்த வழக்கை எடுத்துச் சொல்கிறார்கள்.

முகத்துக்குச் சொந்தக்காரர் ஒருவர் உண்டு என்று உலகம் அந்தப் படத்திலிருந்து கற்றுக்கொண்டது. நல்லது. ஆனால் டூப் போடுகிறவருக்கு முகம் காட்டாமல் இருப்பதுதான் தொழிலே. அவருடைய முகம் தெரிந்தால் அந்த ஷாட் வீண், மறுபடி எடுக்கவேண்டும். அப்படி முகத்தை விட்டுக்கொடுத்தவருக்குப் பெயரையாவது நாம் கொடுக்கவேண்டும் என்பதுதான் என் கட்சி.

நீங்கள் இவர்களை அடியோடு மறந்துவிட்டீர்கள் என்று சொல்லமாட்டேன். ஸ்டன்ட் கலைஞர்களுக்குப் பாதுகாப்புக் கருவிகள் செய்துகொடுத்த யாகிமா கனுட்டுக்கு 1967 விழாவில் கௌரவ ஆஸ்கர் தந்தீர்கள். 2012இல் ஸ்டன்ட் கலைஞர் ஹால் நீதமுக்குத் தந்தீர்கள். ஆனால் நிரந்தரப் பிரிவு வேண்டும் என்று ஸ்டன்ட் ஒருங்கிணைப்பாளர் ஜாக் கில் 1991 முதல் கேட்டுக்கொண்டே இருந்தார். தொலைக்காட்சிக்கான எம்மி விருதில் ஸ்டன்ட் ஒருங்கிணைப்புக்கு 2002லேயே இடம் வந்துவிட்டது. எங்கள் நாட்டு தேசிய விருதிலும் 2017இல் அறிவித்தபோது அந்தப் பிரிவு வந்தது, முதல் விருதை வாங்கியவர் பீட்டர் ஹெயின். அந்தச் செய்தி வந்த அன்று சித்தப்பா வீட்டில் பாயசம் வைத்தார்கள். அவருக்கும் அந்த விருதுக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் வைத்தார்கள்.

இப்போது என் வேண்டுகோள்கள். விருதின் பெயர் ஸ்டன்ட் வடிவமைப்பு. அதாவது காட்சியை வடிவமைத்தவர் மேடை ஏறுவார். அது நியாயம்தான், மாஸ்டர் இல்லாமல் யாரும் விழ முடியாது. ஆனால் ஒரு படத்தைப் பரிந்துரைக்கு அனுப்பும்போதே, எந்த ஷாட்டில் யார் விழுந்தார், யார் தொங்கினார், கம்பியை யார் பிடித்தார் என்ற பட்டியலைத் தயாரிப்பாளர் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்று விதியில் எழுதுங்கள். அந்தப் பட்டியலைப் பொதுமக்கள் பார்க்கும்படி வையுங்கள். மேடையில் எல்லாப் பெயரையும் வாசிக்க நேரமில்லை என்பது புரிகிறது, திரையிலாவது ஓடட்டும்.

ஒரு காட்சி சரியில்லை என்று தோன்றி ஸ்டன்ட் கலைஞர் மறுத்தார் என்றால், அந்த மறுப்பு மதிக்கப்பட்டதா என்பதையும் தகுதி விதிக்குள் கொண்டுவாருங்கள். விருதுக்கு ஆசைப்பட்டு உயரத்தை இன்னும் பத்து அடி ஏற்று என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. இந்த ஒரு பயம் எனக்கு உண்மையாகவே இருக்கிறது.

2027க்கு முன்னால் வேலை செய்தவர்கள் இந்த விருதுக்குள் வரமாட்டார்கள். அவர்களுக்காக ஒன்று கேட்கிறேன். லாஸ் ஏஞ்சலஸில் 2021இல் அருங்காட்சியகம் திறந்தீர்கள், மார்கரெட் ஹெரிக் நூலகத்தையும் வைத்திருக்கிறீர்கள். காட்சி விளைவுகளுக்கு நீங்கள் பரிந்துரைத்த பழைய படங்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றில் ஸ்டன்ட் செய்தவர்களில் உயிரோடு இருப்பவர்களை உட்கார வைத்து, ஷாட் ஷாட்டாகப் பேசவைத்துப் பதிவுசெய்யுங்கள். மார்ட்டிக்கு டூப்பாக வந்த சார்லி க்ரோவெல் போன்றவர்களிடம் கேளுங்கள். பெல்ட் எங்கே கட்டினார்கள், எத்தனை பேர் பிடித்தார்கள், எந்த டேக் சரியாக வந்தது, எதில் அடிபட்டது, எல்லாவற்றையும் கேளுங்கள். இதற்குப் பெரிய செலவில்லை. தள்ளிப்போட்டால் சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.

சித்தப்பா இப்போது வேலைக்குப் போவதில்லை. முட்டி தேய்ந்துவிட்டது, படி ஏற முடியாது. போன மாதம் பேரனோடு உட்கார்ந்து இந்தப் படத்தைப் பார்த்தார். நீதிமன்றக் கண்ணாடி உடையும் இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். பையனைப் பக்கத்தில் கூப்பிட்டு, திரையில் விரலை வைத்து, "இங்க வர்றாங்க பாரு, இவங்க பேரு செரில்" என்றார். பையன் பெயரைச் சொல்லிப் பார்த்துக்கொண்டான். பிறகு மற்ற மூன்று பேர் மேலும் விரலை வைத்து, "தாத்தா, இவங்க?" என்று கேட்டான்.

அந்தப் பதிலை உங்கள் நூலகத்தில் தேடி எடுத்துக் கொடுக்கும்படி ஒரு ஏற்பாட்டைச் செய்து வையுங்கள்.

அன்புடன்,
ஒரு டூப் கலைஞரின் அண்ணன் மகன்