மேல்மலைப் புல்வெளிகளில் சீகை அகற்றும் வனத்துறை அலுவலர்களுக்கு

மதிப்பிற்குரிய அலுவலர்களுக்கு வணக்கம்.

அயல் மரங்களான சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) புல்வெளிக்குள் வந்த கதை உங்களுக்குத் தெரியாததல்ல. அவற்றை அகற்றுவதை வரவேற்கிறோம். ஆனால் அண்மையில் ஒரு சரிவில் சீகைக் கன்றுகளோடு நீலக்குறிஞ்சிப் புதர்களையும் வெட்டிக் குவித்திருக்கிறார்கள். பணிக்கு முன் குறிஞ்சியை அடையாளமிட்டுவிடுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

அதே புல்வெளியில் வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்னும் சிறு பறவையும் குறிஞ்சியும், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைப் படிவாரியாக வகைப்படுத்தும் பன்னாட்டு (IUCN) செம்பட்டியலில் ஒரே படியில், 'அழிவாய்ப்பு இனம்' என்று இருக்கின்றன. குறிஞ்சி அதில் ஏறியது 2024-இல்தான். படி ஒன்று என்பதற்காக ஆபத்தும் ஒன்றாகிவிடாது. புல்லடியில் தரையோடு கட்டிய கூடு மிதிபட்டால் நெட்டைக்காலிக்கு அடுத்த ஆண்டாவது உண்டு. குறிஞ்சியோ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்து, செத்துப்போகும். 2018-இல் பூத்த சரிவுகளில் இன்று நிற்பவற்றை 2030-க்கு முன் வெட்டினால் புதிதாக விதை விழ வழியே இல்லை. பறவையை ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறோம். பூக்காத குறிஞ்சியை யார் எண்ணுகிறார்கள்?

அடையாளம் காண்பது கடினமல்ல. சீகை இலை பொடிப்பொடியான சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். குறிஞ்சி இலை எதிரெதிராக, ரம்பப் பல் விளிம்போடு, நரம்புகள் பள்ளமாகப் பதிந்து இருக்கும். ஹெக்டேர் கணக்கில் கூலி பேசி, ஒப்பந்தத்தில் 'புதர் அகற்றல்' என்று மட்டும் எழுதினால், எதிர்ப்பட்டதெல்லாம் வெட்டுப்படத்தான் செய்யும். பொக்லைன் இறக்கினால் கிளறிய மண்ணில் பல்லாண்டு கிடந்த சீகை விதைகள் கூட்டமாக முளைக்கும். தீ வைத்தால் இன்னும் மோசம். குறிஞ்சியும் போய், சீகையும் திரும்பிவிடும்.

2030-இல் குறிஞ்சி விழா, பதாகை, செல்ஃபி மேடை எல்லாம் தவறாமல் வரும். பூவுக்குத்தான் என்ன செய்வீர்களோ! 2023 முதல் இது சட்டப்படி பாதுகாக்கப்பட்ட தாவரம் என்பதை வனத்துறைக்கே நினைவூட்ட வேண்டியிருப்பது சங்கடம்தான்.

கோபம் இருக்கட்டும், பணிவாகவே கேட்கிறோம். வெட்டுக்கு முன் சரிவை நடந்து பார்த்து, குறிஞ்சித் திட்டுகளைச் சுற்றிக் கயிறு கட்டுங்கள். கூடு தென்பட்டால் குஞ்சு பறக்கும்வரை அந்த இடத்தை விட்டுவிடுங்கள். சிறு சீகைக் கன்றுகளை மழை ஈரத்தில் கையால் பிடுங்கச் சொல்லி, மறு ஆண்டுக் களையெடுப்புக்கும் ஒப்பந்தத்திலேயே பணம் ஒதுக்குங்கள். அடுத்த சரிவில் ஆள் இறங்குமுன் இது நடக்க வேண்டும்.