ஆண்டறிக்கை: சுடாமல் விட்டவற்றுக்கு ஒரு பக்கம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மான் வேட்டையாளர் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழுக் கூட்டங்கள் இவ்வாண்டு முறைப்படி நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே படிப்பார். ஆகவே, வேட்டைக் குறிப்பேட்டில் நாம் புதிதாகச் சேர்த்த ஒரு பக்கத்தைப் பற்றியே விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

சென்ற பருவம் வரை, வீழ்த்திய மானின் விவரத்தை மட்டுமே எழுதி வந்தோம். இப்பருவம் முதல், வாய்ப்பிருந்தும் சுடாமல் விட்ட தருணங்களையும் காரணத்தோடு பதிவு செய்ய வேண்டும் எனத் தீர்மானித்தோம். இது வீண் வேலை என்று தொடக்கத்தில் சிலர் கருதினர். ஆனால் ஏடுகள் அனைத்தையும் படித்து முடித்தபோது, நம்மவர்களின் தேர்ச்சி அந்தப் பக்கத்தில்தான் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. ‘கலைமான் மேட்டு விளிம்பில் நின்றது, பின்னால் வானம் மட்டுமே’ என்கிறது ஒரு பதிவு. ரைஃபிள் தோட்டா கிலோமீட்டர் கணக்கில் பறக்கக் கூடியது. தாங்கிக்கொள்ள மண்மேடு இல்லையெனில் அது எங்கே போய் விழும் என்பதைச் சுட்டவராலும் சொல்ல முடியாது. அந்த உறுப்பினர் விசையைத் தொடாமல் விட்டது முற்றிலும் சரி. இன்னொருவர், புதருக்குள் பழுப்பாக ஏதோ அசைந்தபோது துப்பாக்கியின் ஸ்கோப்பை உயர்த்தாமல் பைனாகுலரை எடுத்துப் பார்த்திருக்கிறார். அது வேறொரு வேட்டையாளரின் கையுறை. ஸ்கோப் வழியாகத் தேடியிருந்தால், துப்பாக்கி முனை ஒரு மனிதரை நோக்கி நீண்டிருக்கும்.

என் பக்கத்தில் நான் எழுதியிருக்க வேண்டிய ஒரு பதிவு இல்லை. அந்தி மங்கும் நேரத்தில் ஒரு கலைமான் மார்பை முழுமையாகக் காட்டாமல் சாய்வாக நின்றது. நெஞ்சு படபடத்தது, கை நடுங்கியது, இருந்தும் சுட்டேன். மான் முதுகைக் கூனிக்கொண்டு மெல்ல நடந்து மறைந்தது. தரையில் கண்ட ரத்தத்தில் பச்சை நிறத் தீனித் துணுக்குகள் கலந்திருந்தன. நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும், அரை மணி நேரம் பொறுத்தாலே போதும். குடலில் பட்டால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் காத்திருந்துதான் தேட வேண்டும். இதையெல்லாம் அறிந்திருந்தும், இருட்டிவிடும் என்ற அவசரத்தில் உடனே பின்தொடர்ந்தேன். படுத்திருந்த மான் எழுந்து ஓடியது. அதன்பின் ரத்தத் தடமும் கிடைக்கவில்லை. மறுநாள் பிற்பகல் அதைக் கண்டெடுத்தபோது இறைச்சி பயனற்றுப் போயிருந்தது. அந்த உயிர் பட்ட வேதனைக்கு நானே பொறுப்பு என்பதை இப்பொதுக்குழுவின் முன் மனம் வருந்திப் பதிவு செய்கிறேன்.

இதன் தொடர்ச்சியாக, வரும் பருவத்துக்கு முன் ஒவ்வோர் உறுப்பினரும் தமக்குரிய தூரத்தைத் தாமே கண்டறிய வேண்டும் என்று குழு முடிவு செய்துள்ளது. முட்டியிட்டு அமர்ந்த நிலையில், மானின் இதயமும் நுரையீரலும் அமைந்த பகுதியின் அளவுக்கு வைத்த 20 செ.மீ. தட்டில் எத்தனை தூரம் வரை ஒரு குறியும் தவறாமல் அடிக்க முடிகிறதோ, அதுவே அவரவர் எல்லை. காட்டில் மூச்சிரைக்கும்போது அந்த எல்லை இன்னும் குறையும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். காயம்பட்ட மானைத் தேடும்போது, பதற்றமில்லாத இன்னொரு உறுப்பினரைக் கட்டாயம் துணைக்கு அழைக்க வேண்டும். எந்நேரமும் வருவதற்கு மூத்த உறுப்பினர்கள் இசைந்துள்ளனர்.

பரண் ஏறுவோர் துப்பாக்கியிலிருந்து தோட்டாக்களை நீக்கிவிட்டு, மேலே சென்றபின் கயிற்றால் அதை இழுத்துக்கொள்ளும் விதியும், பாதுகாப்புப் பட்டை அணியும் விதியும் மாற்றமின்றித் தொடர்கின்றன.

குறிப்பேடுகளை இன்னும் ஒப்படைக்காத உறுப்பினர்கள், சுடாமல் விட்டவற்றின் பக்கத்தையும் நிரப்பி, அடுத்த கூட்டத்துக்கு முன் என்னிடம் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்