பெயின்ட் டப்பாவை இப்போதைக்குத் திறக்காதே

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய நான்கு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். சனி, ஞாயிறில் பெயின்ட் அடித்துவிட்டு, பிறகு சாவகாசமாகச் சுவிட்ச், அலமாரி, குழாய் என்று எழுதியிருக்கிறாய். அந்த வரிசையைத் தலைகீழாக மாற்று கண்ணு. சுவிட்ச் முதலில், பெயின்ட் கடைசியில்.

போடும்போது சடசடக்கிற சுவிட்சுக்குள் பெரும்பாலும் கம்பியைப் பிடிக்கும் திருகு தளர்ந்திருக்கும், இல்லையென்றால் தொடுமுனை கருகியிருக்கும். தளர்ந்த இடத்தில் தீப்பொறி பறக்கும், சூடேறும், கம்பியின் மேலுறை உருகும். சரிசெய்யும்வரை அதைத் தொடாதே. நீங்களே சுவிட்ச் மாற்ற அங்கே சட்டம் அனுமதிக்கிறதா என்று முதலில் விசாரி. அனுமதி உண்டென்றால், மின்பெட்டியில் அந்த அறைக்கான மின்சாரத்தை நிறுத்தும் விசையை (எம்.சி.பி.) இறக்கிவிட்டு, 'வேலை நடக்கிறது, போடாதே' என்று ஒரு தாளை அதன்மேல் ஒட்டு. வீட்டில் இன்னொருவர் வந்து போட்டுவிடுவதுதான் இந்த வேலையில் நடக்கிற பெரிய விபத்து. டெஸ்டரை மின்சாரம் இருக்கிற ஒரு பிளக் பாயின்டில் வைத்து அது எரிகிறதா என்று பார், பிறகு இந்தச் சுவிட்சில் பார், மறுபடி அந்தப் பிளக் பாயின்டில் பார். மூன்று முறை எதற்கென்றால், பழுதான டெஸ்டரும் 'மின்சாரம் இல்லை' என்றுதான் காட்டும்.

கம்பிகளைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துக்கொள். முனை கருத்திருந்தால் அதை வெட்டிவிட்டு, பளபளக்கிற செம்பு தெரியும்வரை மேலுறையைச் சீவு. 8 முதல் 10 மில்லிமீட்டர் போதும். இழைகளை முறுக்கி உள்ளே விட்டு, திருகை இறுக்கி, கம்பியைக் கையால் ஒரு முறை இழுத்துப் பார். வந்துவிட்டால் இறுக்கம் போதவில்லை. புதுச் சுவிட்ச் பழையதன் ஆம்பியரிலேயே இருக்கட்டும். சுவருக்குள் போகும் மின்கம்பிக் குழாய்வரை கம்பி கருத்திருந்தாலோ, பெட்டிக்குள் ஈரம் தெரிந்தாலோ மூடி வைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு.

இனி அந்தச் சுவர். தரையிலிருந்து முழங்கால் உயரம்வரை பெயின்ட் பொருக்குப் பொருக்காக உரிந்திருக்கிறது, ஓரமெல்லாம் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. இது பெயின்டின் கோளாறே இல்லை. சுவருக்குள் தண்ணீர் இருக்கிறது. அது வெளியே வந்து காயும்போது செங்கல்லிலும் சிமெண்டிலும் கரைந்த உப்பை மேற்பரப்பில் விட்டுப் போகிறது. அந்த உப்புப் படிகம் வளர்ந்து பெயின்டைப் பின்னாலிருந்து தள்ளுகிறது. இதன்மேல் எவ்வளவு உயர்ந்த பெயின்ட் அடித்தாலும், 'தண்ணீர் புகாது' என்று எழுதிய பெயின்டே அடித்தாலும், தண்ணீர் உள்ளேதான் இருக்கும். சில மாதங்களில் கொப்பளமாக எழும்பி உரியும். இன்று காசையும் முதுகையும் செலவழித்துவிட்டு அதை நீ பார்க்க வேண்டாம்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பதுதான் உண்மையான வேலை. அந்தச் சுவருக்கு அடுத்த பக்கம் குளியலறைதானே? வீட்டிலுள்ள எல்லாக் குழாய்களையும் மூடிவிட்டு, தண்ணீர் மீட்டரின் எண்ணைக் குறித்துக்கொள். இரண்டு மணி நேரம் யாரும் தண்ணீர் திறக்காமல் இருந்து, மறுபடி பார். எண் நகர்ந்திருந்தால் எங்கோ ஒரு குழாய் கசிகிறது. மீட்டருக்குப் பின் தொட்டி இருந்தால், தொட்டிக்குப் போகும் வால்வையும் அடைத்துத் தொட்டியின் நீர்மட்டத்தையும் பார்க்க வேண்டும். எதுவும் நகரவில்லை என்றால் சந்தேகம் டைல்ஸ் இடுக்குகள்மேலும் தரை வடிகாலைச் சுற்றியுள்ள இடுக்கின்மேலும் போகும். நான்கைந்து நாள் அந்தக் குளியலறையில் குளிக்காமல் இருக்க முடிந்தால் இரு. ஈரத்தின் விளிம்பைப் பென்சிலால் கோடிட்டு வை. கோடு தாண்டாமல் உள்ளே சுருங்கினால் விடை கிடைத்துவிட்டது.

சுவரில் இருப்பது உள்ளிருந்து வருகிற ஈரமா, அறைக் காற்றின் ஈரமா என்று பிரித்துப் பார்க்கவும் ஒரு வழி உண்டு. உரிந்த இடத்துக்குப் பக்கத்தில், பெயின்டைச் சுரண்டிய ஒரு பரப்பில், 45 சென்டிமீட்டர் சதுரமாகக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் டேப் ஒட்டி ஒரு நாள் விடு. தாளின் உட்பக்கம் துளிகள் கோத்திருந்தாலோ, அடியிலுள்ள சுவர் கறுத்திருந்தாலோ ஈரம் சுவரிலிருந்து வருகிறது. வெளிப்பக்கம் துளிகள் கோத்திருந்தால் அறையில் காற்றோட்டம் போதவில்லை, சன்னலைத் திறந்து வைப்பதே மருந்து.

கசிவை அடைத்த பிறகும் சுவர் உடனே காயாது. வாரக்கணக்கில் ஆகும், தடித்த சுவரென்றால் மாதக்கணக்கிலும் ஆகும். பொறுத்திரு. உப்பை ஈரத்துணியால் துடைக்காதே. தண்ணீரில் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். காய்ந்த தூரிகையால் தேய்த்துக் கொட்டு. தட்டினால் 'டொக்கு டொக்கு' என்று பொள்ளலாகச் சத்தம் வருகிற பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசியாக வேண்டும், பட்டியால் (சுவரைச் சமப்படுத்தும் புட்டி) மூடக்கூடாது. புதுச் சிமெண்ட் பூச்சுக்கு 28 நாள் விட்டுவிட்டுத்தான் பெயின்ட். மிகப் பழைய வீடென்றால் அடியிலுள்ள பெயின்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடி உப்புத்தாளால் தேய்த்துத் தூசி கிளப்பாதே. நனைத்துச் சுரண்டு, முகமூடி போடு, குழந்தையை அந்தப் பக்கம் விடாதே.

பிறகு பிரைமர் என்கிற அடிப்பூச்சு, பட்டி இரண்டு கை (இரண்டு முறை), 180-ஆம் எண் உப்புத்தாள், மறுபடி பிரைமர், அதன்மேல் பெயின்ட் இரண்டு கை. பட்டியைத் தடியாக அப்பினால் காயும்போது வெடிக்கும். ஒவ்வொரு கையும் மெல்லியதாக இருக்கட்டும். எவ்வளவு தண்ணீர் கலப்பது, அடுத்த கைக்கு எத்தனை மணி நேரம் என்பதெல்லாம் டப்பாவிலேயே இருக்கும், அதை மீறாதே.

அலமாரிப் பலகை. நீ நினைப்பதைவிடப் புத்தகம் கனமானது. ஒரு மீட்டர் நீளம் அடுக்கினால் 20 கிலோவைத் தாண்டும். அதனால் சுவரில் துளையிட்டுச் செருகுகிற 8 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் பிளக், அதற்குள் இறங்கும் 5 மில்லிமீட்டர் திருகு. கணக்கு இப்படி: பூச்சு 15 மில்லிமீட்டர் தடிமன் என்று வை, பிளக்கின் நீளம் 40. பிளக் முழுக்கச் செங்கல்லுக்குள் இருக்க வேண்டும், பூச்சுக்குள் நிற்கிற பிளக் பூச்சோடு சேர்ந்து பெயர்ந்துவிடும். ஆக 15, 40, தூசிக்கு 10 விட்டு 65 மில்லிமீட்டர் ஆழம். டிரில்லின் பிட்டில் (துளைக்கும் முனையில்) அந்த அளவில் ஒரு டேப் சுற்றிக்கொண்டால் ஆழம் தப்பாது. திருகு 60 மில்லிமீட்டர். சுவிட்சுக்கு நேர் மேலும் கீழும் பக்கவாட்டிலும் துளை வேண்டாம். மின்கம்பிக் குழாய் பெரும்பாலும் அந்த வழியாகத்தான் போகும்.

கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொள், கூந்தலை முடிந்துகொள். முதலில் டிரில்லின் ஹேமர் (இடித்துத் துளைக்கும் முறை) இல்லாமல் மெதுவாக ஓட்டி, பிட் ஓரிடத்தில் உட்கார்ந்த பிறகு ஹேமரைப் போடு. விழுகிற தூசியைக் கவனி, அதுதான் சுவருக்குள் என்ன இருக்கிறதென்று சொல்லும். பூச்சுத் தூசிக்குப் பின் சிவப்பாக வந்தால் செங்கல், நல்ல இடம். கடைசிவரை மணல்போல் சாம்பல் நிறத்தில் எளிதாகக் கொட்டினால் இரண்டு கல்லுக்கு நடுவிலுள்ள கலவையில் இறங்கியிருக்கிறாய், பிளக் பிடிக்காது, மூன்று சென்டிமீட்டர் தள்ளிப் போடு. சாம்பல் நிறத்தில் வந்து பிட்டும் நகர மறுத்தால் கான்கிரீட். கிறீச்சென்று உலோகச் சத்தம் கேட்டால் இரும்புக் கம்பி, உடனே நிறுத்து. திடீரென்று உள்ளே விழுந்தால் பொள்ளல் கல், அதற்குரிய பிளக் தனி. துளைக்குள்ளிருக்கும் தூசியை ஊதி எடுக்காமல் பிளக்கைத் தட்டாதே. தூசிமேல் உட்கார்ந்த பிளக் திருகோடு சேர்ந்து சுற்றும். துளை பெரிதாகிவிட்டால் தீக்குச்சி செருகாமல் 10 மில்லிமீட்டர் பிளக்குக்கு மாறு.

இரண்டாவது துளையை முதலிலேயே போட்டு வைக்காதே. ஒரு தாங்கியை மாட்டிவிட்டு, பலகையும் ரசமட்டமும் வைத்துப் பார்த்த பிறகு அடுத்ததைக் குறி.

குழாய் சின்ன வேலை. வாயில் சொட்டினால் உள்ளே வாஷர் தேய்ந்திருக்கிறது, திருகும் தண்டைச் சுற்றிக் கசிந்தால் அங்குள்ள ரப்பர் வளையம். கால் சுற்றில் திறக்கிற புது மாதிரிக் குழாயென்றால் வாஷர் கிடையாது, உள்ளேயிருக்கும் கார்ட்ரிட்ஜ் என்கிற முழுப் பாகத்தையே மாற்ற வேண்டும். பழையதைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்கு. வால்வை மூடி, குழாயைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்துவிடு. சிறு திருகு போய்விடாமல் குழாய்க்குக் கீழுள்ள தொட்டியின் ஓட்டையைத் துணியால் அடை. புது வாஷர் போட்டும் விரைவிலேயே மறுபடி சொட்டினால் வாஷர் உட்காருகிற பித்தளை விளிம்பு அரித்திருக்கும், அப்போது குழாயையே மாற்று. குழாயின் மரையில் டெஃப்லான் டேப்பை, மரை உன்னைப் பார்த்திருக்க, வலச்சுற்றாகச் சுற்று. மாற்றிச் சுற்றினால் திருகும்போது கழன்று வந்துவிடும். இறுக்கிய பின் நேராக்குவதற்காகப் பின்னால் திருப்பாதே, டேப் விட்டுக்கொடுத்துக் கசியும். கழற்றிப் புது டேப் சுற்றி மறுபடி போடு. பிளாஸ்டிக் மரைக்குள் பலம் காட்டாதே, வெடித்துவிட்டால் சுவரைத்தான் உடைக்க வேண்டிவரும்.

இன்றைக்குச் சுவிட்சையும் பிளாஸ்டிக் தாளையும் மட்டும் பார். நாளை அந்தத் தாளை உரிக்குமுன் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. துளிகள் எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுப் பேசுவோம்.

அன்புடன்,
அம்மா