தண்டனை எதற்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

என் மூன்று வயதுப் பேத்தி பக்கத்துப் பையனின் டிபன் பாக்ஸை அவன் கை கழுவப் போன நேரத்தில் ஜன்னலோரம் எடுத்து வைத்திருக்கிறாள், அவன் திரும்பி வந்து தேடி அழுதபோது சும்மா பார்த்துக்கொண்டு நின்றாளாம். வேண்டுமென்றே ஒளித்தாள் என்று மழலையர் பள்ளியில் அவளைத் தனியாக உட்கார வைத்துவிட்டார்கள். எனக்கு மனசு ஆறவில்லை.

1983-லேயே விம்மர், பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள், அடுத்தவருக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்பது சின்னக் குழந்தைகளுக்குப் புரிகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லெட்டை நீல அலமாரியில் வைத்துவிட்டு வெளியே போகிறான், அம்மா அதைப் பச்சை அலமாரிக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்து அவன் எங்கே தேடுவான் என்று கேட்டால், மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் பச்சையைத்தான் காட்டுவார்கள். தனக்குத் தெரிந்தது அவனுக்குத் தெரியாது என்பது நாலு, அஞ்சு வயதில்தான் பிடிபடத் தொடங்குகிறது.

என் பேத்தி போனில் நான் கேட்பதற்கு இன்னும் தலையைத்தான் ஆட்டுகிறாள், அது என் கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டு. அவளைத் தண்டித்து என்ன பயன்? "நீ எடுத்து வச்சதை அவன் பார்க்கல இல்லையா, அதான் தேடுறான்" என்று பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் போதும். மழலையர் ஆசிரியர் பயிற்சியில் இதைக் கட்டாயம் சொல்லித்தர வேண்டும்.

ஒரு பாட்டி, மதுரை